தரைச்சூடு வேறு, காற்றுச்சூடு வேறு: செயற்கைக்கோள் எண்ணைக் கையாளும் முன்

ஏப்ரல் பிறந்தால் செயற்கைக்கோள் வெப்பப் படங்கள் வாட்ஸ்அப்பில் சுற்றத் தொடங்கிவிடும். நம் கிருஷ்ணகிரி மாவட்டத்துக் காவேரிப்பட்டினம், போச்சம்பள்ளிப் பக்கமெல்லாம் கருஞ்சிவப்பாக, 50 டிகிரி என்று இருக்கும். அதே மதியம் நிழற்பெட்டிக்குள் இருக்கும் வெப்பமானி 38 காட்டும். இரண்டுமே சரிதான். செயற்கைக்கோள் பார்த்தது உழுது காயப்போட்ட செம்மண்ணின் மேல்தோலை. வெப்பமானி அளந்தது தரைக்கு மேல் ஒன்றேகால் முதல் இரண்டு மீட்டர் உயரத்துக் காற்றை. செயற்கைக்கோள், பலூன், தரை நிலையம் ஆகியவற்றின் எண்களைக் கலந்து காற்றின் வெப்பத்தைக் கணிக்கும்போது, முதல் எண்ணை அப்படியே காற்றின் வெப்பமாக எடுத்துக்கொண்டால் கணக்கு முழுவதும் கோணிவிடும்.

பிறகு செயற்கைக்கோள் எதற்கு? வெப்பமானி ஓர் இடத்தைத்தான் சொல்லும். வானிலை பலூன் உலகெங்கும் வழக்கமாக நாளுக்கு இரண்டு முறை, நம் நேரப்படி காலை 5.30, மாலை 5.30 வேளையை ஒட்டிப் பறக்கிறது. கோடை இடி மழை கட்டி எழுவதோ இடைப்பட்ட பிற்பகலில். மாங்காய் பெருக்கும் நேரத்தில் சூறைக்காற்றும் ஆலங்கட்டியும் தோப்பை உலுக்குவது அந்தச் சில மணி நேரத்தில்தான். இன்சாட்-3டிஆர் (2016), இன்சாட்-3டிஎஸ் (2024) போன்ற இந்திய வானிலைச் செயற்கைக்கோள்கள் அந்த இடைவெளியை நிரப்புகின்றன.

நம் மாவட்டங்களுக்கே உரிய சிக்கல் உயரம். நமக்கு அருகில் பலூன் விடும் இடம் பெங்களூரு. அது கடல் மட்டத்துக்கு மேல் ஏறக்குறைய 900 மீட்டரில் இருக்கிறது. ஓசூரும் அதே மேட்டில்தான். ஆனால் கிருஷ்ணகிரியும் தருமபுரியும் சுமார் 400 மீட்டர் கீழே. நம் தலைக்கு மேலுள்ள முதல் 400 மீட்டர் காற்றைப் பெங்களூரு பலூன் தொடுவதே இல்லை. சென்னை பலூன் அந்த உயரத்தைக் கடக்கிறது, ஆனால் அங்கே கடற்காற்று கலந்திருக்கும். ஆகவே அந்த அடுக்கைத் தரை நிலைய அளவைக் கொண்டுதான் கட்ட வேண்டும். மேலே போகப்போகக் காற்று குளிரும்: கிலோமீட்டருக்கு 6.5 டிகிரி என்ற சராசரி வீதத்தில் 400 மீட்டருக்கு 2.6 டிகிரி. இந்தத் திருத்தம் போடாமல் ஓசூர் எண்ணையும் தருமபுரி எண்ணையும் கலந்தால் இரண்டு ஊருக்குமே பொருந்தாத ஒன்று வரும். பனிக்கால விடியலில் இந்த வீதமும் உதவாது. பள்ளத்தில் குளிர்காற்று தேங்கி, மேலே போகப்போகச் சூடு கூடும். செயற்கைக்கோளில் உள்ள ஒலிமானி (sounder) என்ற கருவி இதைப் பெரும்பாலும் தவறவிடும். ஒலிமானி என்று பெயர் இருந்தாலும் அது ஒலியை அளப்பதில்லை. கதிர்வீச்சிலிருந்து வெப்பத்தைக் கணிக்கிறது. அதுவும் தடித்த அடுக்குகளின் சராசரியாகத்தான்.

அடுத்தது மேகம். அகச்சிவப்புக் கதிர் மேகத்தை ஊடுருவாது. இடிமேக உச்சி மைனஸ் 60 காட்டினால் பார்த்ததும் தெரிந்துவிடும். ஆபத்து மெல்லிய கீற்று மேகத்தில். அது நாலைந்து டிகிரியை மட்டும் குறைத்துவிட்டுத் தரைபோல நடிக்கும். 10.8, 12.0 மைக்ரான் அலைவரிசைகளின் வித்தியாசம் வழக்கத்தைவிடப் பெரிதாக இருந்தால் அந்தப் பிக்சலை ஒதுக்குங்கள். கே.ஆர்.பி. அணை விழும் பிக்சலையும் நம்பாதீர்கள். நான்கு கிலோமீட்டர் சதுரத்தில் நீரும் நிலமும் கலந்து பகலில் குளிராகவும் இரவில் சூடாகவும் காட்டும்.

இனி எடை. கலக்கும்போது எந்த எண்ணுக்கு எவ்வளவு மதிப்பு தருவது என்பதுதான் அது. கணினி மாதிரியின் முன்கணிப்பு 34 டிகிரி, அதன் பிழை 2. அளவீடு 36, அதன் பிழை 1 என்று வையுங்கள். எடை, பிழையின் வர்க்கத்துக்குத் தலைகீழ்: முன்கணிப்புக்குக் கால், அளவீட்டுக்கு ஒன்று. விடை 35.6. கணினி மாதிரிகளும் இதையேதான் பல லட்சம் எண்களுக்குச் செய்கின்றன. ஆனால் செயற்கைக்கோள் எண் ஒரே பக்கமாகச் சாய்ந்திருந்தால் எடை போட்டுப் பயனில்லை. முதலில் பலூனோடு ஒப்பிட்டு அந்தச் சாய்வைக் கழிக்க வேண்டும்.

தரை நிலையத்தையும் கண்ணை மூடி நம்ப வேண்டாம். கருவியை வெயிலிலிருந்து மறைக்கும் கவசத் தட்டுகளில் தூசியும் சிலந்திக்கூடும் அடைந்தால் காற்றோட்டம் நின்று, வெயில் நேரத்தில் அளவு கூடும். சிமென்ட் தளத்தின் மேல் நிறுத்திய கருவியும் அப்படியே.

கலந்து முடித்ததும், கணக்கில் சேர்க்காமல் ஒதுக்கி வைத்த ஒரு நிலையத்தோடு ஒப்பிடுங்கள். இரண்டு டிகிரிக்கு மேல் விலகினால் முதலில் உயரத் திருத்தம், பிறகு மேகம், பிறகு நேரம் பாருங்கள். செயற்கைக்கோள் கோப்பில் இருப்பது உலகப் பொது நேரம் (UTC); அதில் 0800 என்று இருப்பது நம் ஊரில் பிற்பகல் 1.30.