இறந்த தொழிலாளியின் வீட்டில் பணம் கொடுப்பதற்கு முன்

கன்னியாகுமரி மாவட்டம் தோவாளை வட்டத்துச் செங்கல் சூளை ஒன்றில் மண் சரிந்து நாற்பது வயதுத் தொழிலாளி இறந்தபோது, முதலாளி மூன்றாம் நாளே ஊர்ப் பெரியவர்களை வைத்துப் பேசி நான்கு லட்சம் ரூபாயை இறந்தவரின் அண்ணனிடம் கொடுத்து, இருபது ரூபாய் முத்திரைத்தாளில் "இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்று எழுதி வாங்கிக்கொண்டார். அந்தத் தாளை நான் பார்த்திருக்கிறேன். கீழே மனைவியின் கைநாட்டு ரேகை தெரியாமல் நீல மையாக அப்பியிருந்தது. நான்கு லட்சத்தில் அவர் கைக்கு வந்தது அறுபதாயிரம்தான். ஒன்றரை ஆண்டு கழித்து அவர், வேலை விபத்து வழக்குகளை விசாரித்துத் தொகையைத் தீர்மானிக்கும் இழப்பீட்டு ஆணையரிடம் மனுச் செய்தார். முத்திரைத்தாள் செல்லவில்லை, முதலாளி முழுத் தொகையையும் வட்டியோடு மறுபடி கட்டினார்.

1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் இடத்துக்கு 2025 நவம்பர் 21 முதல் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு வந்துவிட்டது. அதற்கு முன் நடந்த விபத்துகளுக்குப் பழைய சட்டமே பொருந்தும் என்பதால் கீழுள்ள கணக்கை அதன்படியே சொல்கிறேன். உயிரிழப்புக்கான இழப்பீட்டை ஆணையரிடம்தான் கட்ட வேண்டும். குடும்பத்தாரிடம் நேரில் கொடுத்ததில் மூன்று மாதச் சம்பளம் வரையிலான முன்பணம் மட்டுமே கழிக்கப்படும். உரிமையை விட்டுக்கொடுப்பதாக எழுதி வாங்கும் எந்த ஒப்பந்தமும் செல்லாது.

சம்பளம் எவ்வளவானாலும் மாதம் 15,000 ரூபாய் வரைதான் கணக்கில் வரும். அதில் பாதியை, சட்டத்தின் அட்டவணையில் உள்ள வயதுக்குரிய எண்ணால் பெருக்க வேண்டும். நாற்பது வயதுக்கு அது 184.17, ஆகவே தொகை 13,81,275 ரூபாய். ஒரு மாதத்துக்குள் கட்டாவிட்டால் 12 சதவீத வட்டி, அதாவது ஆண்டுக்கு 1,65,753 ரூபாய். தாமதத்துக்குத் தக்க காரணம் இல்லையென்றால் தொகையில் பாதி வரை அபராதமும் உண்டு. அந்த அபராதம் காப்பீட்டு நிறுவனத்தின் பொறுப்பல்ல என்று உச்ச நீதிமன்றம் 1997-இலேயே சொல்லிவிட்டது. தொகையில் தகராறு இருந்தாலும், முதலாளி தாம் ஒப்புக்கொள்ளும் அளவையாவது உடனே கட்டிவிட வேண்டும்.

கட்டப் போனால் அலுவலகம் எளிதில் வாங்கிக்கொள்ளாது என்பதையும் சொல்லியாக வேண்டும். வங்கி டிராப்டோடு படிவம் இல்லை என்பார்கள், அதிகாரி கூடுதல் பொறுப்பில் இருக்கிறார், வியாழக்கிழமை வாருங்கள் என்பார்கள். ஒவ்வொரு முறையும் முகப்புக் கடிதத்தின் நகலில் தேதியோடு முத்திரை வாங்குங்கள். தர மறுத்தால் அன்றே விரைவுத் தபாலில் பதிவுச் சேவையோடும் விநியோகச் சான்றோடும் அனுப்புங்கள். தாமதம் யாருடையது என்ற கேள்வி வரும்போது அந்தச் சான்றுதான் பேசும். குடும்பத்தாரை வாரிசுச் சான்றுக்காக வட்டாட்சியர் அலுவலகத்துக்கு அலைய விடுவதும் வழக்கமாகிவிட்டது. ரேஷன் கார்டில் ஒரு தலைப்பெழுத்தும் ஆதாரில் வேறு தலைப்பெழுத்தும் இருந்தால் ஆறு மாதம் அதிலேயே போய்விடும். முதலாளி பணத்தைக் கட்ட அந்தச் சான்று வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

"குடித்திருந்தான், அதனால் பொறுப்பில்லை" என்ற வாதம் உயிரோ உழைக்கும் திறன் முழுவதுமோ போகாத காயங்களுக்குத்தான் உதவும். உயிரிழப்புக்கும் நிரந்தர முழு ஊனத்துக்கும் அது எடுபடாது. "ஆளை அனுப்பியது மேஸ்திரி" என்பதும் அப்படித்தான்: குலசேகரம் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் ஒப்பந்தக்காரர் அனுப்பிய பால்வடிப்புத் தொழிலாளிக்கும் தோட்டக்காரரே முதலில் கொடுத்துவிட்டுப் பிறகு ஒப்பந்தக்காரரிடம் வசூலித்துக்கொள்ள வேண்டும்.

டபிள்யூ.சி. பாலிசி, அதாவது தொழிலாளர் இழப்பீட்டுக்கான காப்பீடு, இருக்கிறது என்று நிம்மதியாக இருப்பவர்கள் அதை ஒருமுறை எடுத்துப் படிக்கட்டும். பிரீமியத்தைக் குறைக்கப் பன்னிரண்டு பேரை நான்கு பேராகவும், பதினைந்தாயிரத்தை எட்டாயிரமாகவும் முகவர் எழுதியிருப்பார். மிச்சம் பிடித்த சில ஆயிரம் ரூபாய், விபத்தன்று லட்சங்களாகத் திரும்பி வரும். ஒப்பந்தத் தொழிலாளர்களும் மருத்துவச் செலவும் பாலிசியில் சேர்ந்திருக்கின்றனவா என்று எழுத்தில் கேளுங்கள். தொழிலாளர்களுக்கான அரசுக் காப்பீடான இ.எஸ்.ஐ.யின் வரம்புக்குள் வரும் நிறுவனம் விபத்துக்கு மறுநாள் தொழிலாளியின் பெயரை அதில் சேர்ப்பது பதிவேட்டைப் புரட்டினாலே தெரிந்துவிடும்.

ஒடிசாவிலிருந்து வந்தவர் இங்கே இறந்தால், அவருடைய குடும்பம் தன் ஊரிலிருந்தே வழக்குத் தொடுக்கலாம். அழைப்பாணையை ஏற்று முதலாளிதான் ரயிலேற வேண்டியிருக்கும். திருவனந்தபுரத்துக்குக் கொத்து வேலைக்குப் போய் இறந்த நம் ஊர்க்காரரின் மனைவியும் இதே வழியில் இங்கேயே மனுச் செய்யலாம். ஆள் சேரும் அன்றே ஆதார் நகல், சொந்த ஊர் முகவரி, மனைவி அல்லது பெற்றோர் பெயர் ஆகியவற்றைச் சம்பளப் பதிவேட்டோடு சேர்த்து வையுங்கள். பணம் கட்டும் படிவத்தில் முதலில் கேட்கப்படுபவை அவைதாம்.