குண்டை எடுத்துவிட்டால் ஹீரோ பிழைத்துவிடுவானா?

உடம்பில் எது குத்தியிருந்தாலும் பிடுங்காதீர்கள். கத்தியோ, கம்பியோ, கண்ணாடித் துண்டோ, இருக்கிறபடியே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவாருங்கள். இதைச் சொல்லிச் சொல்லி வாய் வலித்துப்போய்த்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

போன வாரம் ஒரு வெல்டிங் பட்டறைப் பையனை ஆட்டோவில் அள்ளிப்போட்டுக்கொண்டு வந்தார்கள். தொடையில் விரல் தடிமனுக்கு ஒரு கம்பி ஏறியிருக்கிறது. கம்பி உள்ளே இருந்தவரை ரத்தம் கசிந்ததோடு சரி. கூட இருந்தவர்கள் அதைப் பிடுங்கியிருக்கிறார்கள். பீறிட்டு அடித்ததும் பயந்துபோய், காயத்தில் காபித்தூளை அப்பி, மேலே ஷூ லேஸால் இறுக்கிக் கட்டியிருக்கிறார்கள். என்னிடம் வரும்போது பையன் சுண்ணாம்பாக வெளுத்திருந்தான், மணிக்கட்டில் நாடி கிடைக்கவில்லை. ரத்தம் ஏற்றி, கிழிந்த ரத்தக்குழாயைத் தைத்து, ஒரு வழியாக ஆளைக் காப்பாற்றினோம். கால் தங்குமா என்று இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

"ஏம்ப்பா பிடுங்கினீங்க?" என்று நண்பனிடம் கேட்டேன்.

"உள்ள இருந்தா விஷம் ஏறிடும்ல சார்? மிலிட்டரிப் படத்துல எல்லாம் மொதல்ல குண்டைத்தானே எடுக்கிறாங்க?"

நான் ராணுவ மருத்துவப் படையில் சர்ஜனாக இருந்துவிட்டு வந்தவன் என்பது பாவம் அவனுக்குத் தெரியாது.

அந்தக் காட்சி உங்களுக்கும் மனப்பாடமாக இருக்கும். கூடாரத்தில் லாந்தர் வெளிச்சம். அடிபட்டவன் வாயில் கடித்துக்கொள்ள ஒரு பெல்ட். காயத்தின்மேல் ரம்மைக் கவிழ்ப்பார்கள் (ராணுவத்தில் ரம் உண்டு, அது மட்டும் உண்மை). கத்தியைத் தீயில் காட்டி உள்ளே விட்டுக் குடைந்தால், ரத்தம் தோய்ந்த குண்டு 'டிங்' என்று தட்டில் விழும். எல்லோர் முகத்திலும் நிம்மதி. மறுநாள் காலை அவன் இயந்திரத் துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு மலை ஏறுவான்.

குண்டு செய்ய வேண்டிய கெடுதலை உள்ளே போகும்போதே செய்து முடித்துவிட்டது. போகிற வழியில் ரத்தக்குழாயைக் கிழிக்கும், எலும்பை நொறுக்கும், சீருடைத் துணியையும் மண்ணையும் கூடவே உள்ளே இழுத்துக்கொண்டு போகும். நாங்கள் வயிற்றையோ காலையோ திறப்பது ரத்தத்தை நிறுத்த, குடலைத் தைக்க, செத்த தசையையும் அந்த அழுக்குத் துணியையும் அகற்ற. குண்டு கைக்கு எட்டினால் எடுப்போம். எட்டாவிட்டால் விட்டுவிடுவோம். உள்ளே கிடக்கும் குண்டோடு ஆயுசு முழுக்க நன்றாக வாழ்ந்தவர்கள் உலகமெங்கும் இருக்கிறார்கள். மூட்டுக்குள் மாட்டியிருந்தால் கதை வேறு, மூட்டு நீரில் ஈயம் கரையும், எடுத்தாக வேண்டும். கண், முதுகுத்தண்டு என்று இன்னும் சில இடங்கள் உண்டு. அதையும் நாள் குறித்து, ஆபரேஷன் தியேட்டரில், எக்ஸ்ரே பார்த்துச் செய்வோம். எடுக்கும்போது வெறும் இடுக்கியால் பிடிக்கமாட்டோம், முனையில் ரப்பர் போட்டுத்தான் பிடிப்போம். குண்டின்மேல் இருக்கும் கோடுகள் எந்தத் துப்பாக்கி என்று சொல்லும் சாட்சி, அதைக் கீறிவிட்டால் கோர்ட்டில் பதில் சொல்ல வேண்டும்.

இன்னும் நம்பவில்லையென்றால் இரண்டு அமெரிக்க ஜனாதிபதிகளின் கதையைக் கேளுங்கள். 1881 ஜூலை 2-ஆம் தேதி கார்ஃபீல்டைச் சுட்டார்கள். குண்டு எந்த முக்கிய உறுப்பையும் தொடவில்லை. ஆனால் வந்த டாக்டர்கள் பலர் கழுவாத விரலை விட்டுக் குண்டைத் தேடினார்கள். டெலிபோன் கண்ட கிரகாம் பெல்லே உலோகத்தைக் கண்டறியும் கருவியோடு வந்து பார்த்தார். குண்டு கிடைக்கவில்லை, சீழ்தான் பிடித்தது. செப்டம்பர் 19-ஆம் தேதி மனிதர் இறந்துபோனார். 1912-இல் மில்வாக்கியில் தியோடர் ரூஸ்வெல்ட்டை மார்பில் சுட்டார்கள். இருமிப் பார்த்தார், ரத்தம் வரவில்லை, நுரையீரல் தப்பித்தது என்று மேடையேறி ஒரு மணி நேரத்துக்கு மேல் பேசிவிட்டுத்தான் ஆஸ்பத்திரிக்குப் போனார். டாக்டர்கள் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டு, இருக்கட்டும் என்று விட்டுவிட்டார்கள். 1919-இல் அவர் இறக்கும்வரை குண்டு உள்ளேதான் இருந்தது.

சரி, கம்பிக்கு வருவோம். கம்பியோ கத்தியோ உள்ளே இருக்கும்போது, தான் கிழித்த ரத்தக்குழாயைத் தானே அடைத்துக்கொண்டு நிற்கிறது. தொட்டியின் அடியில் இருக்கும் அடைப்பானை உருவுகிற கதைதான் அதைப் பிடுங்குவது. நாங்களும் அதை எடுக்கத்தான் போகிறோம். ஆனால் காயத்துக்கு மேலேயும் கீழேயும் ரத்தக்குழாயைப் பிடித்துக்கொண்டு, பக்கத்தில் ரத்தப் பைகளைத் தொங்கவிட்டுக்கொண்டு எடுப்போம். பட்டறையில் அதற்கெல்லாம் எங்கே போவது?

காயத்தைச் சூடு போட்டு மூடுவதும் அதே சினிமா வைத்தியம்தான். அந்தக் காலத்தில் குண்டுக் காயத்தில் கொதிக்கும் எண்ணெயை ஊற்றுவார்கள். 1537-இல் அம்ப்ரோஸ் பாரே என்ற பிரெஞ்சு ராணுவ சர்ஜனுக்குப் போர்முனையில் எண்ணெய் தீர்ந்துபோயிற்று. வேறு வழியில்லாமல் முட்டை மஞ்சள் கரு, ரோஜா எண்ணெய், டர்பன்டைன் கலந்து பூசினார். மறுநாள் பார்த்தால் சூடு வாங்கியவர்கள் காய்ச்சலிலும் வலியிலும் துடிக்கிறார்கள், மற்றவர்கள் ஓரளவு தூங்கியிருக்கிறார்கள். அதோடு எண்ணெயை விட்டார். சினிமாக்காரர்களுக்கு மட்டும் இன்னும் சேதி போய்ச் சேரவில்லை.

அடுத்து தோள்பட்டை. ஹீரோவுக்குக் குண்டு எப்போதும் அங்கேதான் படும், சண்டையும் நிற்காது. நிஜத் தோளில் கைக்குப் போகும் பெரிய ரத்தக்குழாயும் மொத்த நரம்புக் கொத்தும் ஓடுகின்றன. சிறு தோட்டா ஒன்று என்ன செய்யும் என்று தமிழர்களுக்குச் சொல்லவே வேண்டியதில்லை. 1967 ஜனவரியில் எம்.ஜி.ஆர். கழுத்தில் பாய்ந்தது, உயிர் பிழைத்தார். குரல் பழையபடி திரும்பவில்லை.

போரில் ஆளைக் கொல்வது ரத்தப்போக்கு. 2001 முதல் 2011 வரை இறந்த 4,596 அமெரிக்க வீரர்களின் மரணங்களை அவர்களுடைய டாக்டர்கள் ஆராய்ந்து 2012-இல் வெளியிட்டார்கள். பெரும்பாலானோர் ஆஸ்பத்திரி வாசலை மிதிக்கும் முன்பே இறந்திருந்தார்கள். அப்படி இறந்தவர்களில் ஏறத்தாழ நாலில் ஒருவரைக் காப்பாற்றியிருக்க வாய்ப்பு இருந்தது. அந்த நாலில் ஒருவரில் பத்துக்கு ஒன்பது பேர் ரத்தம் போய் இறந்தவர்கள். நம் ஜவான் பாக்கெட்டிலும் இருப்பது காயத்தில் வைத்துக் கட்டும் ஃபீல்டு டிரெஸ்ஸிங்தான், குண்டு எடுக்கும் கத்தி இல்லை. முதல் வைத்தியன் பக்கத்தில் இருக்கும் தோழன். அவன் செய்கிற வேலை காயத்தை அமுக்குவது. முட்டி போட்டு, முழு பாரத்தையும் கொடுத்து, கை மரத்துப்போகும்வரை அமுக்குவது. திரையில் பார்க்க அதில் ஒன்றுமே நடக்காது, அதனால்தான் எந்த டைரக்டரும் அதை எடுப்பதில்லை.

எடுக்காமல் விடுவது அது மட்டுமா? நண்பனைத் தோளில் போட்டுக்கொண்டு மலையிறங்கி ஓடுகிறானே ஹீரோ, நிஜத்தில் ஒரு ஸ்ட்ரெச்சருக்கு நாலு பேர், அவர்களை மாற்றிவிட இன்னும் நாலு பேர், பாறைச் சரிவில் மணிக்கணக்காக இறக்க வேண்டும். அறைக்குள் துப்பாக்கி வெடித்த அடுத்த நொடி கிசுகிசுப்பாகப் பேசிக்கொள்வார்கள், நிஜத்தில் காது 'ஙொய்' என்று அடைத்துக்கொள்ளும். நோயை எந்தப் படத்தில் பார்த்தீர்கள்? 1943-இல் பர்மா முனையில் காயம்பட்டு ஒருவர் வெளியேற்றப்பட்டால், நோயால் 120 பேர் வெளியேற்றப்பட்டார்கள் என்று அங்கே பிரிட்டிஷ் தளபதியாக இருந்த வில்லியம் ஸ்லிம் எழுதிவைத்திருக்கிறார். சியாச்சினில் எதிரியைவிடக் குளிரும் பனிச்சரிவும் தின்ற உயிர்கள்தான் அதிகம்.

பொழுதுபோக்காகப் பாருங்கள், நானும் பார்க்கிறேன். வைத்தியம் மட்டும் அங்கே கற்காதீர்கள்.

செய்ய வேண்டியது இதுதான். குத்தியது குத்தியபடி இருக்கட்டும். அதைச் சுற்றித் துணியை அண்டக்கொடுத்து, ஆடாமல் கட்டுங்கள். வெறும் காயமா? சுத்தமான துணியை வைத்து அமுக்குங்கள். நின்றுவிட்டதா என்று நிமிடத்துக்கு ஒருமுறை எடுத்துப் பார்க்கக் கூடாது. பத்து நிமிடம் கையை எடுக்காதீர்கள். துணி நனைந்தால் அதன்மேலேயே இன்னொன்று. தொடை இடுக்கில் ஆழமான காயம் என்றால் துணியை உள்ளேயே திணித்து அமுக்குங்கள். காபித்தூள், மஞ்சள்தூள், பற்பசை எல்லாம் சமையலறையிலும் குளியலறையிலும் இருக்கட்டும்.

கையிலோ காலிலோ அமுக்கியும் நிற்காமல் பீறிட்டால் மட்டும், காயத்துக்கு நாலு விரல் மேலே, மூட்டைத் தவிர்த்து, அகலமான துணியால் கட்டி, ஒரு குச்சியைச் செருகி, ரத்தம் நிற்கும்வரை முறுக்குங்கள். வலிக்கும், கத்துவார்கள், விடாதீர்கள். ஷூ லேஸ், கயிறு, கம்பி கூடாது. அவை திரும்பிவரும் ரத்தத்தை மட்டும் தடுத்து, காயத்தில் ரத்தப்போக்கைக் கூட்டிவிடும். கட்டிய நேரத்தை நெற்றியிலேயே பேனாவால் எழுதுங்கள். கால் மணிக்கொருமுறை தளர்த்த வேண்டும் என்று யாராவது ஞானம் சொன்னால் காதில் வாங்காதீர்கள், தளர்த்துவது எங்கள் வேலை. (பாம்புக்கடிக்கு இந்தக் கட்டு கிடையவே கிடையாது. அது தனிப் புலம்பல்.)

"தண்ணி, தண்ணி" என்பார்கள். ரத்தம் குறைந்தால் தாகம் எடுக்கும், அது அபாய அறிகுறி. குடிக்கக் கொடுக்காதீர்கள், மயக்க மருந்து கொடுக்கும்போது வாந்தி நுரையீரலுக்குள் போகும். உதட்டை நனைத்தால் போதும். கன்னத்தில் அறைந்து "கண்ணை மூடாதேடா" என்று வசனம் பேசாமல் போர்த்திவிடுங்கள். சித்திரை வெயிலாக இருந்தாலும் சரி. உடம்பு குளிர்ந்தால் ரத்தம் சரியாக உறையாது.

அப்புறம், ரோட்டில் அடிபட்டவரைத் தொட்டால் போலீஸ், கோர்ட் என்று அலைய வேண்டும் என ஒதுங்காதீர்கள். 2019-இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டப்படி, உதவியவர் மேல் வழக்கு வராது, பெயரைச் சொல்லச் சொல்லியும் கட்டாயப்படுத்த முடியாது. பணத்துக்கும் தயங்க வேண்டாம். தமிழ்நாட்டுச் சாலை விபத்துகளுக்கு 'நம்மைக் காக்கும் 48' திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை, வரம்புக்கு உட்பட்டு அரசே ஏற்கிறது. ஒருவர் அமுக்கிக்கொண்டே இருங்கள், இன்னொருவர் 108-க்குப் போன் போடுங்கள்.