இன்னோவேஷன்: கண்டுபிடிப்பா, புதுமையா, புத்தாக்கமா?

வணிக மேலாண்மை வகுப்பில் ‘இன்னோவேஷன்’ பாடம் எடுக்கும்போது முதலில் ஓர் உதாரணம் கேட்பேன். செல்போன், ராக்கெட், ஏஐ என்று பதில் வரும். நான் சட்டைப் பையிலிருந்து ஒரு ஷாம்பு பாக்கெட்டை எடுத்து மேசைமேல் வைப்பேன். சிரிப்பார்கள். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை; கையிலிருக்கும் கைடில் இன்னோவேஷன் என்றால் ‘கண்டுபிடிப்பு’ என்று போட்டிருக்கிறது.

சொல்லின் பிறந்த வீடு லத்தீன். ‘நோவுஸ்’ என்றால் புதிய. அதிலிருந்து வந்த ‘இன்னோவாரே’ என்ற வினைக்குப் புதுப்பித்தல் என்று பொருள். சமஸ்கிருத ‘நவ’வுக்கும் நோவுஸுக்கும் வேர் ஒன்றுதான். ஆக, நாம் சொல்லும் ‘நவீனம்’ இதற்குத் தூரத்துச் சொந்தம். இன்று விளம்பரப் பலகைகளில் மினுக்கும் இந்தச் சொல் ஆங்கிலத்தில் வெகுகாலம் வசைபோலவே புழங்கியது. 1548இல் ஆறாம் எட்வர்ட் மன்னரின் பெயரில் வந்த ஓர் ஆணை, தேவாலயச் சடங்குகளைத் தம் இஷ்டத்துக்கு ‘இன்னோவேட்’ செய்பவர்களை எச்சரித்தது. மன்னருக்கு அப்போது வயது 10!

பொருளியலில் இதற்கு மரியாதை தேடித் தந்தவர்களில் முதன்மையானவர் ஆஸ்திரியாவின் ஜோசப் ஷும்பீட்டர். 1911இல் ஜெர்மன் மொழியில் எழுதிய நூலில் ‘புதிய சேர்க்கைகள்’ என்று ஐந்தைச் சொன்னார்: புதுப் பண்டம், புது உற்பத்தி முறை, புதுச் சந்தை, மூலப்பொருளுக்குப் புது வழி, தொழிலின் புது அமைப்பு. கண்டுபிடிப்பது வேறு, அதைத் தொழிலில் நடத்திக் காட்டுவது வேறு என்பதில் அவர் கறார்.

சரி, பாக்கெட்டுக்கு வருவோம். ஷாம்பு பழைய சரக்கு, பிளாஸ்டிக் உறையும் பழசு. கடலூர் சின்னிகிருஷ்ணன் இரண்டையும் சேர்த்தார். பாட்டில் வாங்க வசதியில்லாதவர்கள் ஒரு குளியலுக்கு மட்டும் வாங்க முடிந்தது. அவர் மகன் சி.கே. ரங்கநாதன் 1983இல் 15,000 ரூபாயோடு தனியாகத் தொழிலில் இறங்கி ‘சிக்’ ஷாம்புவைக் கொண்டுவந்தார். காலி பாக்கெட்டுகளைக் கடையில் கொடுத்தால் ஒரு சிக் பாக்கெட் இலவசம். முதலில் எந்தக் கம்பெனி பாக்கெட்டும் செல்லும்; அப்புறம் சிக் பாக்கெட் மட்டும்தான். ஷும்பீட்டரின் ஐந்தில் இது எதில் சேரும் என்று கேட்டால் வகுப்பு இரண்டாகப் பிரிந்துவிடும். புதுப் பண்டம் என்பார்கள் சிலர், புதுச் சந்தை என்பார்கள் சிலர். நான் சந்தைக் கட்சி.

இப்போது தமிழுக்கு. ‘கண்டுபிடிப்பு’ ஒத்துவராது. ஏற்கெனவே இருந்ததைக் கண்டறிந்த புவியீர்ப்பு, இல்லாததை உருவாக்கிய மின்விளக்கு இரண்டையும் சுமந்து களைத்துப்போன சொல் அது. ‘புதுமை’ ஒரு தன்மையைத்தான் சொல்கிறது. செயல் அதில் இல்லை. மிஞ்சுவது ‘புத்தாக்கம்’. புதுமை + ஆக்கம்: ‘மை’ போய், தகரம் இரட்டித்து, உயிர் வந்து ஏறியிருக்கிறது. புத்தாண்டு, புத்தாடை எல்லாம் இதே கணக்கு.

எனக்குப் பிடித்தது அதன் பின்பாதி. ஆக்கம் என்றால் உண்டாக்குவது மட்டுமல்ல. செல்வம், லாபம் என்றும் பொருள் உண்டு. ‘ஆக்கங் கருதி முதலிழக்கும் செய்வினை’ என்ற குறளில் அது லாபம்தான். பக்கத்திலேயே ‘முதல்’ நிற்கிறது பாருங்கள். செய்வதும் அதில் கிடைப்பதும் ஒரே சொல்லுக்குள் அடங்கிவிடுகின்றன. லத்தீனில் வெறும் புதுசுதான் இருக்கிறது. வணிகம் படிப்பவர்களுக்கு இதைவிடப் பொருத்தமாக ஒரு சொல் எங்கே தேடுவது?

ஒரு சின்னச் சிக்கல். பள்ளி ஆசிரியர்களுக்கு நடக்கும் ‘புத்தாக்கப் பயிற்சி’ வேறு சமாச்சாரம். தெரிந்த பாடத்தைப் புதுப்பித்துக்கொள்ளும் பயிற்சி அது. ஆனால் இன்னோவாரேயும் முதலில் புதுப்பித்தல்தானே! ‘தமிழ்நாடு புத்தொழில் மற்றும் புத்தாக்க இயக்கம்’ என்று அரசே பெயர் சூட்டிவிட்ட பிறகு, புதுப்பொருளும் ஊன்றிவிட்டது.

கைடில் அடித்துத் திருத்தச் சொன்னபோது கடைசி பெஞ்சிலிருந்து ஒரு கேள்வி வந்தது: “அப்போ அதைச் செய்றவரை எப்படி சார் சொல்றது?” உருவாக்குநர் மாதிரி, புத்தாக்குநர்.