காலையில் விரல் மடங்க எத்தனை நிமிடம்?

தூங்கி எழுந்ததும் விரல்கள் மடங்காது. டம்ளர் கையில் நிற்காது, சட்டைப் பொத்தான் போட வராது. வயசானால் இப்படித்தான் என்று விட்டுவிடுகிறவர்கள் அநேகம். மூட்டு மருத்துவருக்கோ வலியின் அளவைவிட அந்த விறைப்பு விட எவ்வளவு நேரமாகிறது என்பதே முக்கியம். அரை மணிக்குள் விட்டால் பெரும்பாலும் தேய்மானம். ஒரு மணி நேரம் தாண்டியும் விடாமல், வாரக்கணக்கில் இது தொடர்ந்தால் முடக்குவாதமா என்று பார்க்க வேண்டும். ஊர்ப்பக்கம் சரவாங்கி என்பார்களே, அதுதான்.

எந்த மூட்டுவலி வந்தாலும் 'ஜவ்வு தேஞ்சு போச்சு' என்று சொல்லிவிடுகிறோம். தேய்மானத்தில் தேய்வது ஜவ்வு அல்ல, எலும்பு முனையைப் போர்த்தியிருக்கும் குருத்தெலும்பு. சரவாங்கியிலோ ஜவ்வு தடிக்கிறது. மூட்டின் உட்புறச் சவ்வு சாதாரணமாக ஓரிரு செல் அடுக்குதான் இருக்கும். நோயெதிர்ப்பு செல்கள் அதைத் தாக்க ஆரம்பித்ததும் அது பல அடுக்காகப் பெருத்து, புது ரத்தக் குழாய்கள் முளைத்து, ஓரத்திலிருந்து குருத்தெலும்பையும் எலும்பையும் அரிக்கிறது. முழங்காலில் ஒரு டீஸ்பூன்கூடத் தேறாத நீர், அரை டம்ளர் வரை கோத்துக்கொள்ளும்.

இரவெல்லாம் அசையாத மூட்டில் அந்த நீர் வடிய வழியில்லை. போதாததற்கு, அழற்சியைத் தூண்டும் இன்டர்லூக்கின்-6 பின்னிரவில் ஏறி விடியலில் உச்சத்தைத் தொடுகிறது. அதை அடக்க வேண்டிய கார்டிசோல் ஹார்மோன் நள்ளிரவை ஒட்டித்தான் மிகக் குறைவு. விடியலில் அது ஏறினாலும் இந்த நோயாளிகளுக்குப் போதுவதில்லை. கையை அசைக்க அசைக்க நீர் வடிந்து, விறைப்பு மெல்ல விடுகிறது.

இன்னொரு அடையாளம், எந்தக் கணு என்பது. சரவாங்கி மணிக்கட்டையும் விரலின் அடிக்கணு, நடுக்கணுக்களையும் பிடிக்கும். பெரும்பாலும் இரண்டு கையிலும் ஒரேபோல. நகத்தை ஒட்டிய கடைசிக் கணுவைப் பொதுவாகத் தொடாது. அந்தக் கணுவில் கடினமாகப் புடைத்தால் தேய்மானம். கை குலுக்கும்போது அடிக்கணுக்களில் உயிர் போகிறது என்றால் தள்ளிப்போடாதீர்கள். மாலையில் டாக்டரிடம் போவதற்குள் வீக்கம் வடிந்துவிடும் என்பதால் காலையிலேயே செல்போனில் படமெடுத்து வைப்பது நல்லது. சரவாங்கிக்குப் பார்க்கும் ஆர்.ஏ. ஃபேக்டர் என்ற ரத்தச் சோதனை ஒன்றை மட்டும் நம்ப முடியாது. நோயில்லாதவர்களுக்கும் பாசிட்டிவ் வரும், நோய் உள்ளவர்களில் சிலருக்கு வராது. ஆன்டி சி.சி.பி. சோதனை இன்னும் நம்பகமானது.

1948 செப்டம்பரில் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் ஃபிலிப் ஹென்ச், படுக்கையோடு கிடந்த ஒரு சரவாங்கி நோயாளிப் பெண்ணுக்கு கார்டிசோன் என்ற ஸ்டீராய்டு ஊசி போட்டார். சில நாளில் அவர் எழுந்து நடந்தார். 1950-இல் ஹென்ச் உள்பட மூவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. மருந்தை நீண்ட நாள் கொடுத்ததில்தான் முகம் உப்புவது, எலும்பு மெலிவது, சர்க்கரை ஏறுவது எல்லாம் தெரியவந்தன. இன்றும் பெயரில்லாத பொட்டலத்தில் வரும் 'மூலிகைப் பொடி' இரண்டே நாளில் வலியைத் தூக்கிவிட்டால், அதில் ஸ்டீராய்டு கலந்திருக்கலாம். மாதக்கணக்கில் சாப்பிட்டுவிட்டுத் திடீரென்று நிறுத்துவதும் ஆபத்து. உடல் தன் சொந்த கார்டிசோல் சுரப்பைக் குறைத்திருக்கும் என்பதால் ரத்த அழுத்தம் சரிந்துவிடும். டாக்டரிடம் காட்டி, படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

சவ்வின் கோபத்தை அடக்கும் முதல் மருந்து மெத்தோட்ரெக்ஸேட். வாரத்தில் ஒரே நாள் மட்டும் எடுக்க வேண்டியது. மற்ற மாத்திரைகளைப் போல நினைத்துத் தினமும் விழுங்கினால் வாய் வெந்து, ரத்த அணுக்கள் சரிந்து, உயிருக்கே ஆபத்து. 'செவ்வாய் மட்டும்' என்று அட்டையிலேயே பேனாவால் எழுதி வையுங்கள். கூடவே தரும் ஃபோலிக் அமிலத்தை வேறொரு நாளில் எடுப்பது வழக்கம். பலன் தெரிய 6 முதல் 12 வாரம் ஆகும். மூன்றாவது வாரத்திலேயே கேட்கவில்லை என்று விட்டுவிடக் கூடாது. ரத்த அணு, கல்லீரல் சோதனைகளைத் தவறவிடக் கூடாது, மது கூடாது, கர்ப்பம் தரிக்க நினைத்தால் முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

தேய்மானத்துக்கு இந்த மருந்தெல்லாம் இல்லை. முழங்கால் என்றால் பாதி வேலை தொடைத் தசையுடையது. வலிக்கிறதென்று காலை அசைக்காமல் வைத்தால் தசை மெலியும், பாரமெல்லாம் மூட்டில் இறங்கும், வலி இன்னும் கூடும். மல்லாந்து படுத்து, முழங்காலுக்கு அடியில் சுருட்டிய துண்டை வைத்து, அதைக் கீழ்நோக்கி அழுத்தி 5 வினாடி நிறுத்துங்கள். மூச்சை அடக்க வேண்டாம். 10 தடவை, நாளுக்கு இரண்டு வேளை.

கைத்தடியை வலிக்கிற காலின் பக்கமே பிடிக்கிறோம், அது தப்பு. வலது முழங்கால் வலித்தால் தடி இடது கையில் இருக்க வேண்டும், வலது காலும் தடியும் ஒரே நேரத்தில் தரையைத் தொட வேண்டும். செருப்புப் போட்டு நிமிர்ந்து நின்று கையைத் தொங்கவிட்டால், பிடி மணிக்கட்டு ரேகை அளவில் வரணும்.

ஒத்தடத்திலும் நிலைமைக்கொரு முறை உண்டு. விறைப்புக்கு வெந்நீர், வெதுவெதுப்பில் கையை 10 நிமிடம் முக்கி, தண்ணீருக்குள்ளேயே மூடித் திறக்கலாம். தொட்டால் சுடுகிற, வீங்கிய மூட்டுக்குத் துணியில் சுற்றிய ஐஸ். ஆறிய குக்கரை ஒற்றைக் கையால் தூக்காமல் இரண்டு உள்ளங்கையையும் அடியில் கொடுங்கள். ஈரத்துணியைக் கையால் முறுக்காமல் குழாயில் சுற்றிப் பிழிந்தால் மணிக்கட்டு தப்பிக்கும்.