அண்டாச் சோறும் ஆட்டின் வயிறும்

வைகாசி பிறந்தாலே, ஆட்டுக்கு வைத்தியம் பார்க்கும் எனக்கு வயிற்றைக் கலக்கும். செட்டிநாட்டு வீடுகளில் கல்யாணமும் அறுபதாம் கல்யாணமும் வரிசை கட்டும் மாதம் அது. வெளியே செம்மண் பொட்டலில் ஆட்டுக்கு ஒரு வாய்ப் புல் இல்லாத மாதமும் அதுவே. இரண்டும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதைப் போன வாரம் காரைக்குடிக்கு அருகே ஒரு கொட்டிலில் மறுபடியும் பார்த்தேன். இந்தப் பருவத்தில் எனக்கு இது ஐந்தாவது கொட்டில்.

ஏழு ஆடுகளில் மூன்று விறைத்துக் கிடந்தன. சினையாடு ஒன்று பல்லை நறநறவென்று கடித்தபடி படுத்திருந்தது. இடது வயிற்றைக் கையால் அமுக்கி ஆட்டினால் பானைத் தண்ணீர்போலத் தளும்பியது. பக்கத்து வீட்டைப் பார்த்துக்கொண்டே ஆடுகளை வளர்க்கும் அம்மா, "விஷம் வைத்துவிட்டார்கள் ஐயா" என்றார்.

செத்த ஒன்றை அறுத்தேன். பெருவயிறு நிறையப் புளித்த சோறு. நடுவே இரண்டு கறிவேப்பிலை, உடையாத முந்திரிப் பருப்பு ஒன்று. தொட்டதும் உட்சவ்வு ஈரக் காகிதம்போல உரிந்து வந்தது. (செத்துச் சில மணி நேரமானால் எந்த ஆட்டிலும் அது உரியும்தான், ஆனால் அந்தப் புளித்த வாடை பொய் சொல்லாது.) முந்திரியை எடுத்துக் காட்டினேன். "விசேஷ வீட்டில் மிஞ்சியது. பசியோடு வந்தனவே என்று அண்டாவை நகர்த்தி வைத்தேன்" என்றார். ஆடு சோர்ந்து படுத்ததும், தெம்புக்கு என்று கஞ்சி வேறு ஊற்றியிருக்கிறார்.

சோறு எப்படி விஷமாகும், நாமும் அதைத்தானே தின்கிறோம் என்று எல்லோரும் கேட்கிறார்கள். நூறு முறை சொன்னதை இங்கேயும் சொல்கிறேன். தழையை ஆடு தானாகச் செரிப்பதில்லை. அதன் பெருவயிற்றில் குடியிருக்கும் நுண்ணுயிர்கள்தாம் செரித்துக் கொடுக்கின்றன. அவற்றுக்குப் பழக்கம் நார். திடீரென்று சோறு வந்து குவிந்தால் மாவுச்சத்தைத் தின்னும் கூட்டம் பெருகி, லாக்டிக் அமிலத்தைக் கொட்டுகிறது. 6-க்கும் 7-க்கும் இடையில் இருக்க வேண்டிய அமில, கார அளவு (pH; இது இறங்க இறங்கப் புளிப்பு கூடும்) 5-க்கும் கீழே இறங்குகிறது. நார் செரிக்கும் கூட்டம் மடிகிறது. உடம்பிலுள்ள நீரையெல்லாம் வயிறு இழுத்துக்கொள்கிறது. கண் குழி விழுகிறது, குடித்தவன்போல ஆடு தள்ளாடுகிறது, ஓரிரு நாளில் கதை முடிகிறது. ரேஷன் அரிசியும் கோதுமையும் செய்வது இதையேதான். ஊறவைத்துப் போட்டால் ஒன்றும் ஆகாது என்பது யார் கிளப்பிவிட்ட கதையோ!

உடனே கோயில் கிடாயை இழுப்பார்கள். "அய்யனாருக்கு விட்ட கிடாய்க்குச் சோறு போட்டுத்தானே வளர்க்கிறோம்?" உண்மைதான். அது குட்டியாக இருந்தபோதே ஒரு கவளம், அப்புறம் இரண்டு கவளம் என்று பழகியது. நாள் முழுக்கப் பொட்டலில் சுள்ளியைக் கடித்துவிட்டு வரும் ஆடு அப்படியா? பசித்த வயிற்றுக்கு அளவு தெரியாது. தவிர, சோறு தின்று செத்த கிடாய்களைப் பற்றி யாரும் பேசுவதில்லை. சாமி ஏற்றுக்கொள்ளவில்லை என்று சொல்லிவிடுவார்கள்.

உண்மையான சிக்கல் அண்டாவில் இல்லை, மாசியிலேயே தொடங்கிவிடுகிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் முளைத்த புல் இந்தச் செம்புறை மண்ணில் மாசிக்கு மேல் தாங்காது. 25 கிலோ ஆட்டுக்கு நாளொன்றுக்குச் சுமார் 3 கிலோ பசுந்தழை வேண்டும். உங்கள் தரிசும் கண்மாய் உள்வாயும் (கண்மாய்க்குள் தண்ணீர் தேங்கும் நிலம்) எத்தனை ஆட்டைத் தாங்கும் என்று தை முடிவதற்குள் கணக்குப் போடுங்கள். மிச்சக் கிடாய்களையும் பல் விழுந்த கிழ ஆடுகளையும் உடம்பு இருக்கும்போதே விற்றுவிடுங்கள். எலும்பான பிறகு வியாபாரி வைத்ததுதான் விலை.

கடலைக் கொடியை மழை படாமல் போர் போட்டு வையுங்கள். வரப்பில் உதியன், வாகை, வேம்பு நடுங்கள். நாட்டுக் கருவேல நெற்று உதிரும் காலம் கோடைதான், பொறுக்கிச் சேருங்கள். சீமைக்கருவேல நெற்றும் ஆகும். ஆனால் காயவைத்து, இடித்து, மொத்தத் தீவனத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் போகாமல் கொடுங்கள். இடிக்காமல் போட்டால் விதை புழுக்கையோடு வந்து, கிடை போட்ட வயலெல்லாம் முள்ளாகும். மழைக்குப் பிறகு உள்வாயில் ஒரு பக்கத்தையாவது கொழுக்கட்டைப் புல் விதை உதிர்க்கும்வரை மேய்க்காமல் விட்டுவையுங்கள். ஊர் கூடிப் பேசினால் நடக்கும், கொஞ்சம் மனது வையுங்கள். ஆட்டைத் திடீரென்று சாய்த்துவிடும் துள்ளுமாரி நோய்க்கான தடுப்பூசியை மழைக்கு முன்பே போட்டுவிட வேண்டும்.

ஆடு சோற்றைத் தின்றுவிட்டதா? வயிறு வீங்கட்டும் என்று காத்திருக்காதீர்கள். வளர்ந்த ஆடென்றால் 20 கிராம் ஆப்பச் சோடாவை அரை லிட்டர் தண்ணீரில் கரைத்து, தலையை அண்ணாந்து பிடிக்காமல், மெல்ல விழுங்கவிட்டு ஊற்றுங்கள். படுத்துவிட்ட ஆட்டுக்கு வாயில் எதையும் ஊற்ற வேண்டாம், நுரையீரலுக்குப் போய்விடும். கஞ்சி கூடவே கூடாது. உடனே கால்நடை ஆம்புலன்ஸ் எண்ணான 1962-ஐ அழையுங்கள்.

அந்த அம்மாவின் சினையாடு பிழைத்துக்கொண்டது. கிளம்பும்போது, "அப்படியானால் மிச்சச் சோற்றை என்ன ஐயா செய்வது?" என்றார். குறைவாகச் சமைக்கச் சொன்னால் செட்டிநாட்டில் யார் கேட்பார்கள்? வாழைக்கு அருகே முழங்கால் ஆழத்துக்குக் குழி வெட்டிக் கொட்டி, மண் மூடி, மேலே கல் வைக்கச் சொன்னேன். கல் இல்லாவிட்டால் ராத்திரி நாய் தோண்டும், விடிந்ததும் ஆடு வந்து நிற்கும்.