முடிச்சே இல்லாமல் நூல் எப்படிப் பிடிக்கிறது?

நிலாவெளி வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "இறகுத் தூண்டில் கட்டப் பழகுகிறேன். நூலைச் சுற்று, சுற்று என்கிறார்கள். முடிச்சுப் போடச் சொல்கிறார்களில்லை. ஒரு பாரை கவ்வி இழுத்தால் எல்லாம் உருவிக்கொண்டு போகாதா?"

இறகுத் தூண்டில் என்பது தூண்டில் முள்ளில் இறகையோ முடியையோ நூலால் கட்டிச் செய்யும் போலி இரை. அந்தக் கட்டு உருவிப் போகாது. ஏன் என்பதைத் திருகோணமலைத் துறைமுகத்தில் பார்க்கலாம். கப்பல் வடத்தை இரும்புத் தூணில் மூன்று சுற்றுச் சுற்றிவிட்டு, நுனியை ஒரே ஆள் கையில் பிடித்து நிற்பார். மறுபக்கம் இழுப்பதோ கப்பல்.

தூணில் வளையும் வடம் தூணை அழுத்துகிறது. அழுத்தம் உள்ள இடத்தில் உராய்வு உண்டு. முதல் சிறு வளைவு இழுவையில் ஒரு பங்கைத் தின்றுவிட்டு மீதியை அடுத்த வளைவுக்கு அனுப்பும். அது அந்த மீதியில் அதே பங்கைத் தின்னும். வட்டிக்கு வட்டி ஏறுவதைத் தலைகீழாக நினைத்துக்கொள்ளுங்கள். உராய்வின் அளவைச் சொல்லும் எண்ணான உராய்வுக் குணகம் 0.2 என்று வைத்தால், ஒரு சுற்றில் இழுவை ஏறக்குறைய 3.5 மடங்கு குறையும். இரண்டு சுற்றில் 12 மடங்கு, மூன்றில் 43, நான்கில் 152. சுற்றுகளைக் கூட்டுகிறோம், பிடிப்போ பெருகுகிறது. இந்தக் கணக்கை 18ஆம் நூற்றாண்டிலேயே கணிதவியலாளர் ஒயிலர் எழுதிவைத்துவிட்டார்.

இதில் வியப்பூட்டுவது, அந்தச் சமன்பாட்டில் இல்லாத ஒன்று: தூணின் தடிப்பு. எத்தனை சுற்று, எவ்வளவு உராய்வு, இவை இரண்டும்தான் கணக்கில் வரும். கப்பல் கட்டும் தூணும், ஒரு மில்லிமீற்றர் தடிப்புள்ள தூண்டில் தண்டும் அதற்கு ஒன்றுதான். நூற்கட்டையைத் தாங்கும் பொபின் தொங்கும்போது 50 கிராம் இழுவை கொடுக்கிறது என்று கொள்வோம். நான்கு சுற்றுக்கு அப்பால் அது ஏழரைக் கிலோவுக்கு ஈடு கொடுக்கும். 210 டெனியர் (நூலின் தடிப்பைச் சொல்லும் அளவு) நூல் அதற்கு வெகு முன்பே அறுந்துவிடும். வழுக்குவதற்கு முன் அறும் நூலுக்கு முடிச்சு எதற்கு?

கட்டத் தொடங்கும்போது செய்யும் பிழைகள் பலவும் இந்தக் கணக்கை மீறுவதால் வருபவை. பொபினைத் தொங்கவிடாமல் மேசையில் வைத்தால் நூல் தளர்ந்துவிடும். 50 கிராம் பூச்சியமானால் 152 மடங்கும் பூச்சியம்தான். வழுவழுப்பான தண்டில் இறகை நேரே வைத்துக் கட்டினால் எல்லாம் சேர்ந்து சுழலும். ஆகவே முதலில் நூல் நுனியைத் தண்டோடு படியவைத்து, அதன் மேலேயே ஐந்தாறு சுற்றுச் சுற்றி, பிறகு தண்டு முழுவதும் நூலால் மூடிவிடுங்கள். நூலில் தேன்மெழுகு தடவுங்கள். மெழுகு என்றதும் வழுக்கும் என்று நினைப்போம். நமது வெயிலில் இளகிய தேன்மெழுகு ஒட்டும். குணகம் 0.2இலிருந்து 0.3 ஆனால் மூன்று சுற்றின் பிடிப்பு 43இலிருந்து 286 மடங்காகிவிடும்.

எதைக் கட்டுவது? முதல் தூண்டிலுக்குக் கிளவ்சர் மினோவே போதும். 1980களில் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில், சஸ்குவஹானா ஆற்றின் ஸ்மோல்மௌத் பாஸ் மீனுக்காக பாப் கிளவ்சர் உருவாக்கியது. சிறுமீன் போல் தெரிவதால் பாரை, கட்டா, கொடுவா எல்லாம் அதைத் துரத்தும். துருப்பிடிக்காத 1/0 அளவுத் தூண்டில், நடுவில் இணைந்த ஒரு சோடி உலோகக் கண், வெள்ளை முடி, பச்சை முடி, ஆறேழு மினுக்கு இழை. அவ்வளவுதான். மூலத்தில் முடி அமெரிக்க மானின் வாலிலிருந்து வரும். அதற்காகத் திருகோணமலைக் கோட்டைக்குள் மேயும் மான்களைப் பார்க்க வேண்டாம். நீளமான ஆட்டுமுடி போதும்.

கண்ணைத் தண்டின் மேற்பக்கத்தில், அதாவது முள்ளுக்கு எதிர்ப்பக்கத்தில், தூண்டிலின் காதிலிருந்து (தூண்டில் நூலைக் கட்டும் துளை) கால்வாசி தள்ளி வைத்துக் கட்டுங்கள். கனம் முள்ளுக்கு எதிர்ப்பக்கம் இருப்பதால் அந்தப் பக்கம் கீழே போகும். முள் மேல்நோக்கும், பாறையில் சிக்குவது குறையும். கண்ணைப் பிழையான பக்கம் கட்டினால் இந்த வேலையே நடக்காது.

கண்தான் அடிக்கடி திருகிக்கொள்ளும். எட்டுப் போல் குறுக்கே பதினைந்து சுற்றுச் சுற்றினாலும் ஆடும். எட்டுச் சுற்றில் நூல் உலோகத்தை முழுதாக வளைத்துப் பிடிப்பதில்லை, ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் தொட்டுவிட்டுப் போகிறது. பந்தல் போடுகிறவர்கள் இரண்டு கம்பைக் குறுக்கே கட்டியதும் என்ன செய்வார்கள்? கயிற்றைக் கம்புகளுக்கு நடுவே சுற்றி, போட்ட கட்டையே இறுக்குவார்கள். அதேபோல் கண்ணுக்கும் தண்டுக்கும் இடையே, எட்டுச் சுற்றின் மேல், கிடையாக ஏழெட்டுச் சுற்று. பிறகு ஒரு துளி சுப்பர் குளூ.

வெள்ளை முடியைக் காதுக்குப் பின்னால் கட்டி, கண்களின் நடுப் பள்ளத்தில் படியவிட்டு, கண்ணுக்குப் பின்னும் கட்டுங்கள். முடியின் நீளம் தண்டின் இரண்டரை மடங்கு. தூண்டிலைக் கவிழ்த்து, முள் பக்கமாக மினுக்கு இழையையும், அதன்மேல் பச்சை முடியையும் கண்ணுக்கு முன்னால் மட்டும் கட்டுங்கள். தண்ணீரில் வெள்ளை வயிறாகவும் பச்சை முதுகாகவும் தெரியும்.

இங்கே கைகள் தாராளமாகிவிடும், அதுதான் கெடுதல். நூல் அழுத்துவது வெளி முடிகளைத்தான். உள்ளே இருப்பவை பக்கத்து முடிகளின் நெருக்கத்தை நம்பியே நிற்கின்றன. கத்தை தடித்தால் நடுவிலுள்ளவை இரண்டாவது மீனுக்கே உருவி வந்துவிடும். விரலால் இறுக்கிப் பிடித்தால் தீக்குச்சித் தடிப்பைத் தாண்டக் கூடாது. கூடுதலாக வேண்டுமென்றால் இரண்டு தரமாகக் கட்டுங்கள். மெலிந்த தூண்டில் வேகமாக அமிழும், அசைவும் கூடும்.

கடைசியில் போடும் விப் ஃபினிஷும் உண்மையில் முடிச்சல்ல. நூல் நுனியை அதன் சொந்தச் சுற்றுகள் ஐந்துக்கு அடியில் புதைப்பதுதான். "அவருக்குக் கைராசி, அவர் கட்டினால் கழராது" என்று சிலர் சொல்வார்கள். படகில் தொங்கும் எலுமிச்சம்பழத்தோடு எனக்குச் சண்டையில்லை. ஆனால் கைராசி என்று சொல்லப்படுவது அந்தக் கை நூலை ஒருபோதும் தளரவிடாது என்பதுதான். அதைப் பழகலாம்.

சீலாவுக்கு மட்டும் இந்தக் கணக்கு போதாது. அதன் பல் ஒரு சுற்றை அறுத்தால், இழுவை அந்த இடத்திலிருந்து தளர்ந்து மற்றச் சுற்றுகளும் அவிழத் தொடங்கும். தலைப்பகுதியை எபொக்சியால் அல்லது இரண்டு பூச்சு நகப்பூச்சால் மூடிவிடுங்கள்.

காய்ந்த பிறகு பெருவிரல் நகத்தால் கண்ணைத் திருகிப் பாருங்கள். முடியில் நாலைந்தைப் பிடித்து இழுத்துப் பாருங்கள். வாளித் தண்ணீரில் போட்டு முள் மேலே வருகிறதா என்று பாருங்கள். மூன்றிலும் தேறினால் கொட்டியாரக் குடாவுக்குக் கொண்டுபோகலாம். புறாத்தீவுப் பக்கம் வேண்டாம். அது தேசியப் பூங்கா.