நேற்றைய தயிரும் இன்றைய கம்பைலரும்

பட்டர்வொர்த்திலிருந்து ஆறாம் படிவ மாணவி ஒருவர் கேட்டிருக்கிறார்: "சார், சி மொழிக் கம்பைலரையே சி மொழியில்தான் எழுதினார்களாம். அப்படியானால் அதை எது கம்பைல் செய்தது?"

கம்பைலர் என்பது நாம் எழுதும் மூல நிரலைக் கணினிக்குப் புரியும் இயந்திரக் கட்டளைகளாக மாற்றும் நிரல். பதில் சமையற்கட்டில் இருக்கிறது. தயிர் வேண்டுமென்றால் பாலில் நேற்றைய தயிர் ஒரு கரண்டி விட வேண்டும். புதுக் கம்பைலரின் மூல நிரல்தான் பால், பழைய கம்பைலர்தான் உறை. முதல் உறை வேறு மொழியிலிருந்து வரலாம். ரஸ்ட் மொழியின் முதல் கம்பைலர் ஓகேமல் என்ற வேறொரு மொழியில் எழுதப்பட்டது. பிறகு ரஸ்டிலேயே எழுதிய கம்பைலர் 2011இல் தன்னைத்தானே கம்பைல் செய்துகொண்டது. கோ மொழி 2015இல், 1.5ஆம் பதிப்பில், சியிலிருந்து தன் சொந்த மொழிக்குக் குடிபெயர்ந்தது.

சரி, எனக்குப் பிடித்த இடத்துக்கு வருகிறேன். சி உள்ளிட்ட மொழிகளுக்கான ஜிசிசி கம்பைலர் பல பத்து லட்சம் வரி நிரல். அதன் உள்கட்டைப் பிரித்துத் திருத்தி அடுக்குகிறவர், எதையும் கெடுக்கவில்லை என்று எப்படித் தெரிந்துகொள்வார்? ஜிசிசி தன்னையே மூன்று முறை கம்பைல் செய்துகொள்கிறது. கணினியில் ஏற்கெனவே இருக்கும் கம்பைலரால் முதல் பிரதி. முதல் பிரதியால் இரண்டாவது. இரண்டாவதால் மூன்றாவது. மூன்றுக்கும் ஒரே மூல நிரல்தான். கடைசியில் இரண்டையும் மூன்றையும் பைட் பைட்டாக ஒப்பிடுகிறது.

ஒன்றையும் இரண்டையும் ஏன் ஒப்பிடுவதில்லை? அவற்றைச் செய்த கைகள் வேறு. உள்ளே இருக்கும் இயந்திரக் கட்டளைகளும் வேறாகத்தான் இருக்கும். ஆனால் இரண்டும் ஒரே நிரலிலிருந்து வந்தவை, ஆகவே நடத்தை ஒன்றாக இருக்க வேண்டும். ஒரே நிரலைக் கொடுத்தால் ஒரே கோப்பைத் தர வேண்டும். ஒன்று தந்தது இரண்டாம் பிரதி, இரண்டு தந்தது மூன்றாம் பிரதி. அவை வேறுபட்டால் எங்கோ பிழை. கம்பைலர் தனக்குத் தானே வைத்துக்கொள்ளும் தேர்வு இது, விடைத்தாளும் அதுவே.

நானும் ஒருமுறை இதில் மாட்டியிருக்கிறேன். பாயான் லெப்பாசில் வாடகை அறையில், பழைய மடிக்கணினியில் இரவு முழுக்க ஓடவிட்டுக் காலையில் பார்த்தால் ஒப்பீடு தோல்வி. ஒரு பட்டியலை நினைவக முகவரியை வைத்து வரிசைப்படுத்தியிருந்தேன். முகவரி ஓட்டத்துக்கு ஓட்டம் மாறும், வரிசையும் கூடவே மாறும். ஒரே வரித் தப்பு, கண்டுபிடிக்க இரண்டு நாள்.

ஆனால் உறையிலேயே புளிப்பு இருந்தால் இந்தத் தேர்வு பிடிக்காது. யூனிக்ஸ் இயங்குதளத்தை உருவாக்கியவர்களில் ஒருவரான கென் தாம்சன் தம் டூரிங் விருது உரையில் (1984இல் வெளியானது) ஒரு வேடிக்கை காட்டினார். சி மொழியில் பின்சாய்கோட்டுக்குப் (\) பின் 'n' வந்தால் புதுவரி என்று பொருள். கம்பைலரின் மூல நிரலைத் திறந்தால் அங்கேயும் "n வந்தால் \n கொடு" என்றுதான் இருக்கும். புதுவரிக்கான எண் 10 அங்கே எங்கும் இருக்காது! எப்போதோ ஒரு மூதாதைக் கம்பைலருக்கு யாரோ சொன்னது, உறையோடு உறையாக வந்துகொண்டிருக்கிறது. இதே வழியில் கடவுச்சொல் கேட்கும் நிரலில் திருட்டு வாசலையும் நுழைக்கலாம் என்றார் அவர். கம்பைலர் தன்னைக் கம்பைல் செய்யும்போதெல்லாம் அந்த வித்தையைப் புதுப்பிரதிக்கும் ஏற்றிவிடும். மூல நிரல் சுத்தப் பசும்பாலாக இருக்கும். இரண்டும் மூன்றும் அச்சாகப் பொருந்தும்.

விளக்கு வைத்த பிறகு உறை கொடுக்கக் கூடாது என்பார் என் பாட்டி. அதில் எனக்கு நம்பிக்கையில்லை. யார் வீட்டு உறை என்று அவர் கேட்டதில் உண்டு. 1972இல் இன்டெல் வந்ததிலிருந்து பினாங்கு சிப் ஊர்தான். ஆனாலும் கம்பைலரைப் பராமரிக்கிறேன், நிதி கொடுங்கள் என்று கேட்டுப் பாருங்கள், கைபேசிச் செயலி (ஆப்) ஏதும் உண்டா என்பார்கள். இந்த அலட்சியம் எனக்கு எரிச்சல்.

உறையே இல்லாத வீட்டில் பாலில் காய்ந்த மிளகாய்க் காம்பைப் போடுவார்கள். மென்பொருள்களை மூல நிரலிலிருந்தே கட்டும் குனு கீக்ஸ் திட்டத்தின் குழு 2023இல் அதைத்தான் செய்தது. வெறும் 357 பைட் நிரல் ஒன்றிலிருந்து படிப்படியாக ஏறி ஜிசிசி வரை கட்டினார்கள். லினக்ஸ் கருவும் கட்டுமானத்தை ஓட்டும் நிரலும் முன்பே வேண்டும்தான், அது வேறு கதை. 357 பைட் என்றால் ஒரு தாளில் அடங்கும். பென்சிலும் பொறுமையும் இருந்தால், ஒவ்வொரு பைட்டும் என்ன செய்கிறது என்று அந்த மாணவியே சரிபார்த்துவிடலாம்.